சாவுக்குக் கூப்பிட முடியாத கட்டை



இந்த நினைவுரை யார் நினைவாக என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது எங்கள் மன்றத்தின் வழக்கம். இந்த ஆண்டு அதைச் செய்யப் போவதில்லை. தன் பெயரை பேனரில் போடக்கூடாது, படத்துக்கு மாலை போடக்கூடாது என்று அவர் உயிரோடு இருந்தபோதே கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். பெயர் சொல்லாவிட்டாலும் இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து, ஒப்பந்தக் கூலியாகவே வெளியே வந்தவர். மன்றத்தின் முதல் கூட்டத்துக்குத் தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து விரித்தவர். பெரியவர் என்றுதான் அழைத்தோம். இங்கும் அப்படியே சொல்கிறோம்.

அவருக்கு நாங்கள் ஒரு கடன் பட்டிருக்கிறோம். மன்றம் தொடங்கிய புதிதில் எங்களில் சிலர் அவரை ஜால்ரா என்றோம். முதலில் முதுகுக்குப் பின்னால். பிறகு ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேராகவே. காரணம் ஒரு சப்ளாக்கட்டை.

இளையவர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கைக்குள் அடங்கும் இரண்டு மரத்துண்டுகள். ஒன்றில் கட்டைவிரல் நுழைய ஒரு வளையம், மற்றதில் மற்ற விரல்கள் நுழைய ஒரு வளையம். ஓரங்களில் பித்தளைச் சில்லுகள். கையை மூடித் திறந்தால் மரம் மரத்தோடு மோதும், சில்லுகள் கூடவே சிணுங்கும். நம் மாவட்டத்தில் பஜனை கோயில் தெரு இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊருக்குள் ஒரு பஜனைக் கோயில், காலனிக்குள் இன்னொன்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் மார்கழி விடியலிலும் பெரியவர் அந்தக் கட்டையோடு காலனித் தெருக்களைச் சுற்றி வருவார். முந்தைய இரவு ஷிப்ட் முடிந்து வந்தவராக இருந்தாலும் வருவார்.

நாங்கள் அப்போது அம்பேத்கர் பிறந்தநாளுக்காகப் பறை பழகிக்கொண்டிருந்தோம். பறை நம் கருவி, கட்டை அவர்கள் கருவி என்பது எங்கள் கணக்கு. நம் கருவியைத் தொட மறுக்கும் ஒருவர் அவர்கள் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் பாடுகிறார் என்றால் அவரை வேறென்ன சொல்வது? அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறோம். அதற்குக் கட்டையின் கதையைக் கொஞ்சம் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும்.

சீனத் துறவி ஃபாஹியான் கி.பி. 399இல் சாங்ஆன் நகரிலிருந்து புறப்பட்டு, பௌத்த வினய நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்தார். மத்திய தேசத்தைப் பற்றி எழுதும்போது அந்நாட்டு மக்களின் நல்லியல்புகளையெல்லாம் புகழ்கிறார். உயிர்க்கொலை இல்லை, மது இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை என்கிறார். சண்டாளர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் ஊரைவிட்டுத் தனியே வாழ்கிறார்கள். நகர வாயிலிலோ சந்தையிலோ நுழையும்போது ஒரு மரத்துண்டைத் தட்டித் தங்கள் வருகையை அறிவிக்கிறார்கள். மற்றவர்கள் அந்த ஒலியைக் கேட்டு, மேலே பட்டுவிடாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர் இதைக் கண்டிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. பார்த்ததை எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

தாளம் என்று நாம் சொல்கிற எதுவும் அந்த ஒலியில் கிடையாது. நான் வருகிறேன், நீ விலகிக்கொள் என்ற ஒரே சேதிதான். அதுவும் விலக வேண்டியவனின் வசதிக்காக வருகிறவன் தட்ட வேண்டும். தன்னை ஒதுக்கிவைக்கும் வேலையை அவனே தன் கையால் செய்ய வேண்டும், கட்டையும் அவனே கொண்டுவர வேண்டும்.

இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு ஹர்ஷரின் அவைப் புலவர் பாணர் எழுதிய காதம்பரியில் அதே ஒலி இன்னொரு வடிவில் வருகிறது. சூத்ரகன் என்ற அரசனின் அவைக்கு ஒரு சண்டாளப் பெண் கிளியோடு வருகிறாள். அவளால் அரசனை அழைத்துப் பேச முடியாது. கையில் நுனி பிளந்த பழைய மூங்கில் கழி ஒன்று இருக்கிறது. அதைத் தரையில் ஒரு முறை தட்டுகிறாள். அவை முழுவதும் அந்தப் பக்கம் திரும்புகிறது. பாணர் அவளுடைய அழகைப் பல வரிகளில் வருணிக்கிறார். ஆனாலும் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் மூங்கில்தான் பேச வேண்டியிருக்கிறது.

அம்பேத்கர் 1948இல் வெளியான ‘தீண்டப்படாதார்’ நூலில் இந்த இரண்டு சாட்சியங்களையும் எடுத்து நிறுத்தி விசாரிக்கிறார். வழக்கறிஞர் அல்லவா, சாட்சி சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. சண்டாளர் பற்றிய ஃபாஹியானின் குறிப்பை மட்டும் வைத்துத் தீண்டாமையை நிறுவிவிட முடியாது என்று தயங்குகிறார். பிற சான்றுகளையும் கூட்டிப் பார்த்து, ஏறத்தாழ கி.பி. 400ஐ ஒட்டித் தீண்டாமை பிறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். அதற்கான வேரைப் பௌத்தத்துக்கும் பிராமணியத்துக்கும் நடந்த மோதலில் தேடுகிறார். அவருக்கு முன்பே, 1907இல் தொடங்கிய தம் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் அயோத்திதாசப் பண்டிதர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் இன்னொரு மரத்தையும் சொல்லியாக வேண்டும். பௌத்த விகாரைகளில் துறவிகளைக் கூட்டத்துக்கும் உணவுக்கும் அழைக்க ஒரு நீண்ட மரக்கட்டையைத் தட்டுவார்கள். கண்டி என்பது அதன் பெயர். இலங்கை ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஃபாஹியான் அந்த ஒலிக்குப் பழகிய காது உடையவர். விகாரைக்குள் ‘வா’ என்று அழைத்த மரம் சந்தை வாசலில் ‘விலகு’ என்று சொல்வதை ஒரே பயணத்தில் கேட்டிருக்கிறார். பூர்வ பௌத்தர் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில்தான் நம்முடைய ஒன்றரை ஆயிரம் ஆண்டு கிடக்கிறது. அந்த வாதத்தை எங்களில் எல்லோரும் முழுதாக ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டு மரமும் உண்மை.

ஐரோப்பாவிலும் இது நடந்தது. ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் நடனத்தில் விரலிடுக்கில் வைத்துத் தட்டும் கட்டைக்கு அவர்கள் மொழியில் செஸ்ட்நட் கொட்டையின் பெயரை ஒட்டிய பெயர். காஸ்டனெட் என்று உலகம் அழைப்பது அதைத்தான். அதே நாட்டில் தொழுநோயாளிகள் கையில் வேறொரு கட்டை இருந்தது. புனித லாசரின் பலகைகள் என்பது அதன் பெயர். கயிற்றில் கோத்த சிறு பலகைகள். அதைத் தட்டிக்கொண்டேதான் அவர்கள் தெருவில் வர வேண்டும். கிட்டே வராதே என்று எச்சரிக்கவும் அது, பிச்சை போடு என்று கேட்கவும் அது. ஒரு நாட்டில் ஒரே மரம் ஆடுகிறவர் கையில் கொண்டாட்டமாகவும் விலக்கப்பட்டவர் கையில் அறிவிப்பாகவும் இருந்திருக்கிறது. அங்கே நோய் வந்தவன் கையில்தான் பலகை ஏறியது. இங்கே பிறக்கும்போதே கட்டை கையில் இருந்தது.

இனி சப்ளாக்கட்டைக்கு வருவோம். சப்ளா என்பது தமிழ்ச் சொல் அல்ல. மராத்தியில் சிப்ளி, சிப்ளா என்பார்கள். அந்தச் சொல்லோடு நம் கட்டையை ஒட்டவைத்துச் சப்ளாக்கட்டை ஆக்கிக்கொண்டோம். நடு சென்டர், கேட்டுவாசல் என்று சொல்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூரை மராத்தியர் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள். அவர்களோடு வந்த கீர்த்தன மரபு தமிழ்நாட்டில் கதாகாலட்சேபமாக மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதற்கு முழு வடிவம் கொடுத்தார். பாகவதர் நின்றுகொண்டு கதை சொல்வார், பாடுவார், கையில் சிப்ளா தாளம் போடும். காலண்டர் படத்தில் நாரதர் ஒரு கையில் தம்புராவும் மறு கையில் இந்தக் கட்டையுமாக வானத்தில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே அது பார்ப்பனக் கட்டை என்று நாங்கள் அன்று சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் அந்தக் கட்டை மராத்திய மண்ணின் தெருவில் இருந்தது. அந்த மண்ணில்தான் 14ஆம் நூற்றாண்டில் சோகாமேளா இருந்தார். மகர் சாதியில் பிறந்த அடியவர். பண்டரிபுரம் விட்டலன் மேல் பாடல்களைப் பாடியவர் அந்தக் கோயிலுக்குள் போக முடியவில்லை. இன்றும் அவருடைய சமாதி கோயில் வாசற்படிக்குக் கீழேதான் இருக்கிறது. அம்பேத்கர் பிறந்தது அதே மகர் சமூகத்தில். 1948இல் அந்தத் ‘தீண்டப்படாதார்’ நூலை அவர் காணிக்கையாக்கிய மூவரில் சோகாமேளாவும் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் நம் நந்தனார்.

நந்தனார் கதையில் கட்டைக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தைப் புரட்டினால், கோயில் முரசுகளுக்குப் போர்க்கத் தோலும் இழுத்துக் கட்ட வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது அவருடைய தொண்டு. அவர் கொடுத்த தோல் உள்ளே போய் இறைவன் முன்னால் ஒலித்தது. அவர் வெளியே நின்றார். பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேப மேடைகளுக்கு மிகப் பிடித்த கதைகளில் ஒன்றாயிற்று. நந்தன் வாசலில் நின்று ஏங்கும் கட்டத்தில் பாகவதர் உருகுவார், சபை கண்ணீர் விடும், சிப்ளா தாளம் போடும். தோல் கொடுத்தவன் கதைக்குத் தோல் இல்லாத கருவி.

தோல் இல்லாதது என்பதுதான் கட்டையின் சாதி. மரமும் பித்தளையும் மட்டும். அதில் செத்த மாடு இல்லை. நம் இசை இலக்கணம் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரிக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பது ஒலி பிறக்கும் முறையை வைத்து. தெருவில் நடப்பது யார் தொடலாம் என்பதை வைத்து. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு. ஆனால் தோலை உரித்துப் பதப்படுத்துகிறவர் ஒருவர், மேடையில் வாசிக்கிறவர் வேறொருவர். அந்தக் கருவியைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதி வெளியிட்ட நூலுக்கு முதலில் ஒப்புக்கொண்ட அரங்கமே பிறகு இடம் மறுத்தது. நூற்றாண்டு மாறியிருக்கிறது, வாசல் மாறவில்லை என்று பெரியவர் அன்று செய்தித்தாளை மடித்து வைத்தார்.

இப்போது சொற்களுக்கு வருகிறோம். எங்களைக் குற்றவாளி ஆக்கியது ஒரு சொல்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஜால்ரா என்றால் கைத்தாளம், பித்தளைக் கிண்ணம் இரண்டு. ஜால்ரா அடிக்கிறான் என்றால் கூழைக்கும்பிடு போடுகிறான். சிங்கி என்றாலும் சிறு தாளம்தான். சோற்றுக்குச் சிங்கி அடிக்கிறான் என்றால் பட்டினி கிடக்கிறான். தாளம் போடுகிறான் என்றாலும் அதே பொருள். ஒத்து என்பது நாகசுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுருதியை மூச்சுப் பிடித்து ஊதுகிற குழல். ஒத்து ஊதுகிறான் என்றால் சொந்தப் புத்தி இல்லாதவன். தம்பட்டம் அடித்தால் தற்பெருமை. பின்பாட்டுப் பாடினால் கையாள். இந்தச் சொற்களை ஒருமுறை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். வீணை வாசிக்கிறான் என்று தமிழில் வசைச்சொல் உண்டா? யாழ் மீட்டுகிறான் என்று யாரையாவது திட்டியிருக்கிறோமா? வசையானதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவன் கருவி, பின்னால் நின்றவன் கருவி, தெருவில் நடந்தவன் கருவி. சபையில் கடைசியாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பசியை மொழி பார்த்தது. பார்த்துவிட்டு இரங்குவதற்குப் பதிலாக அதைக் கேலிக்கு எடுத்துக்கொண்டது.

தமிழுக்கு மட்டும் உரிய குணம் இல்லை இது. ராஜஸ்தானின் பாலைவனத்தில் நான்கு மரத்துண்டுகளை இரண்டு கைகளிலும் வைத்துக் கர்த்தால் வாசிப்பவர்கள் மங்கணியார்கள். அவர்கள் விரல்கள் போகிற வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. உலகமெங்கும் மேடை கிடைத்திருக்கிறது. அந்தச் சமூகப் பெயருக்கு ‘கேட்டு வாங்குகிறவர்கள்’ என்பதுதான் பொருள்.

பறை எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. புறநானூற்றின் 335ஆம் பாடல் சொல்லும் நான்கு குடிகளில் ஒன்று அந்தக் கருவியின் பெயரால் வந்தது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் வீட்டுப் பேச்சுச் சொல் அது. கேரளத்தில் பறை நெல் அளக்கும் மரக்காலும்கூட. சொல், கருவி, அளவை மூன்றும் ஒரே ஒலி. அந்த ஒலி ஐரோப்பியர் நாக்கில் பரையா ஆகி, அங்கே விலக்கப்பட்ட எவருக்கும் பொதுப்பெயரானது. 1821இல் பாரிஸ் நாடக மேடையில் ‘லெ பரியா’ ஏறியது. கெதே அதே தலைப்பில் கவிதை எழுதினார். தெற்குத் தமிழகத்தில் அதே கருவிக்குத் தப்பு என்று பெயர். தப்பு என்றால் பிழையும்தான். ஆந்திர எல்லையைத் தாண்டினால் டப்பு. பள்ளிக்கூடத்தில் ‘தப்பு அடிக்காதே’ என்று வாத்தியார் சொன்னபோது பிள்ளைகள் சிரித்ததை எங்களில் ஒருவர் இன்னும் மறக்கவில்லை.

முரசும் தோல்தான். ஆனால் முரசு அரசனுடையது. அதனால்தான் பத்திரிகைக்குப் பெயர் வைக்கும்போது கை முரசின் மேல் போகிறது. சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசு, இங்கே 1942இல் முரசொலி. அதற்கெல்லாம் முன்னால், 1893இல், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். வேறு பெயரா கிடைக்கவில்லை? எந்தச் சொல்லைச் சொல்லி அடித்தார்களோ அந்தச் சொல்லை முகப்பில் அச்சடித்துக் காசுக்கு விற்றார். அயோத்திதாசருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெயரே பகைவர் சூட்டியது, அதை நாமே சுமக்கலாமா என்பது அவர் கேள்வி. 1922இல் அரசு ஆணையில் ஆதி திராவிடர் என்ற பெயர் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி தீரவில்லை. பெயரை எடுத்து வீசுவதா, எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வதா? எங்கள் மன்றத்தில் பெரியவருக்கும் எங்களுக்கும் நடந்ததும் ஏறக்குறைய இந்தச் சண்டைதான். யார் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் குழம்பியிருந்தோம்.

தண்டோராவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். 1994 ஜூலை 7 அன்று பிரகாசம் மாவட்டத்து ஈதுமூடி கிராமத்தில் மாதிகர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டக் குழு தொடங்கியது. அந்த இயக்கத்துக்கு ஊரெல்லாம் சொன்ன பெயர் தண்டோரா. தங்களை அடிக்கச் சொன்ன டப்பையே தங்கள் கோரிக்கைக்கு அடித்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தால் போதும் என்று. நாங்கள் அதை வரவேற்றோம். அங்கே கொடியாக ஏறிய சொல் இங்கே கடிதத்தால் இறக்கப்பட்டது. இரண்டுமே சரி என்றுதான் எங்களுக்குப் படுகிறது. தன் பஞ்சாயத்து அறிவிப்புக்காக இன்னொருவன் கழுத்தில் மாட்டிவிட்டது வேறு, தானே எடுத்து மாட்டிக்கொண்டது வேறு.

நம் பேச்சில் கட்டை என்ற சொல் படும் பாட்டையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். ஆர்மோனியத்தின் மரச் சுரக்கட்டையை வைத்து இத்தனை கட்டைச் சுருதி என்கிறோம். இந்தப் பக்கத்துக் கூத்துக்காரர் விடிய விடிய ஐந்து கட்டையில் பாடுவார். அவர் தோளிலும் தலையிலும் கட்டுகிற கண்ணாடி பதித்த மர அணிகளும் கட்டைதான். அதனால்தான் தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்று சொல்லவேண்டும் என்று காஞ்சிபுரத்துக் கூத்துக்காரர்கள் 1990இல் அந்தப் பெயரிலேயே சங்கம் கண்டார்கள். குள்ளமானவன் கட்டை. ஏகலைவனிடம் வாங்கப்பட்டது கட்டைவிரல். பெரியவர் தன் உடம்பையே கட்டை என்பார். “இந்தக் கட்டை வேகிற வரைக்கும்” என்றுதான் எந்த வாக்குறுதியையும் தொடங்குவார்.

சரி, அவரிடம் திரும்புகிறோம்.

நாங்கள் முகத்துக்கு நேரே ஜால்ரா என்ற அன்று அவர் பதில் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்குப் பாயோடு வந்தார். சொன்னது பல மாதம் கழித்து. மில்லுக்கு வெளியே ஒரு டீக்கடையில், ராத்திரி ஷிப்டுக்கு முன்னால்.

“எங்க நைனா பறை அடிச்சவரு கண்ணு. நல்லா அடிப்பாரு. அதான் வெனையே. நல்லா அடிச்சா எட்டூருக்குக் கூப்பிடுவான். பேதியில படுத்துக் கெடந்தாலும் எழுந்து போவணும். நெல்லு கொஞ்சம் குடுப்பான். கொட்டாங்குச்சியில டீத்தண்ணி. அதையும் தூக்கி ஊத்துவான், கை படக்கூடாது பாரு.”

பொன்னேரி வட்டத்து ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு அவருடைய அப்பா போகவில்லை. அதே நாளில் அவர் வீட்டிலேயே ஒரு குழந்தை இறந்திருந்தது. ஊர்க்கூட்டத்தில் நிற்கவைத்து அபராதம் போட்டார்கள். அறுவடைக்கு யாரும் காலனியைக் கூப்பிடவில்லை. கிணற்றுப் பக்கம் போகும் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அந்த வருடம் காலனி இளைஞர்கள் கூடி, இருந்த பறைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஏரியில் போட்டுவிட்டார்கள். தோல் ஊறும், சட்டம் மிதக்கும். இரண்டு நாள் மிதந்துகொண்டே இருந்தது என்றார். பிறகு திருத்தணியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சப்ளாக்கட்டையை வைத்து பஜனை தொடங்கினார்கள்.

ஏன் கட்டை என்று கேட்டோம்.

“கட்டைய எவன் சாவுக்குக் கூப்பிடுவான்? பறை வெச்சிருந்தா அவன் கூப்பிட்டா போவணும். இது வெச்சிருந்தா சாமி கும்பிடத்தான் ஆவும். எவனும் கூலிக்குக் கூப்பிட முடியாது. எங்களுக்கு சாமி முக்கியமில்ல கண்ணு. கூப்பிட முடியாத ஒண்ணு கையில இருக்கணும், அவ்ளோதான்.”

மேல்சாதி ஆவதற்காகக் கட்டையைப் பிடித்தார்கள் என்று நாங்கள் எழுதிய கட்டுரை அப்போது அச்சில் இருந்தது. சமஸ்கிருதமயமாதல் என்று பெரிய சொல்லெல்லாம் போட்டிருந்தோம். அப்படிப் பிடித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அதை அடிக்கச் சொல்வது யார் என்று பார்க்காமல் விட்டோம். ஃபாஹியான் பார்த்த சந்தை வாசலில் நின்றது மரம். நைனாவின் கழுத்தில் தொங்கியது தோல். அடிக்கச் சொன்னவன் ஒருவனே. பறையை எங்கள் கருவி என்று நாங்கள் மேடையில் தூக்கியபோது, ஏரியில் வீசிய கைகளும் எங்கள் கைகள்தான் என்பதை நினைக்கவில்லை.

மில்லில் அவருக்கு இன்னொரு ஒலி பழக்கம். பழுக்கக் காய்ச்சிய கம்பியை மேலே தூக்கிக்கொண்டு கிரேன் வரும்போது மணி அடிக்கும். கீழே இருப்பவர்கள் விலக வேண்டும். மணி வேலை செய்யாத நாட்களில் ஒருவர் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டுவார். பல ஆண்டு அந்த வேலை அவருடையது. ஃபாஹியான் கதையை அவருக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் சிரித்தார். “நானும் வெலகு வெலகுன்னுதான் தட்டுறேன். ஆனா இங்க வெலகுனா உசுரு பொழைக்கும்.”

கடைசி ஆண்டுகளில் சிப்காட்டைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறைந்துவிட்டார்கள். ஓர் ஞாயிறு இரவு அப்படி ஒரு வரிசையிலிருந்து கட்டைச் சத்தம் வந்தது. பெரியவர் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜோடி மரத்துண்டு வைத்துக்கொண்டு மாறி மாறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாசகாட்டியா என்று அந்தக் கலைக்குப் பெயர். தாசன் என்றால் அடியான், காட்டி என்றால் கட்டை. ஒருவர் பாட, மற்றவர் வாங்கிப் பாட, இருவர் கையிலும் மரம் பேசும். கிராமம் கிராமமாகப் போய் நடத்துவது. பெரியவர் தன் கட்டையை எடுத்துக் காட்டினார். அவர்கள் அதன் பித்தளைச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். பாஷை தெரியாமல் ஒரு மணி நேரம் மூவரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறைக்காரர் காலை ஷிப்டுக்குப் போகவேண்டும் என்று கத்தும்வரை.

அவர் இறந்த அன்று எங்கள் இளைஞர்கள் பறையோடு வந்துவிட்டார்கள். யாரும் யோசிக்கவில்லை. வாசலில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய தம்பி முறைக்காரர் ஒருவர், வயதானவர், எழுந்து வந்து “எங்கண்ணன் சாவுக்குப் பறையா” என்று கத்தினார். இளைஞர்கள் கருவியை இறக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். அரை மணி நேரம் ஒரு முடிவும் எட்டவில்லை. பிறகு பெரியவரின் பேத்தி வெளியே வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், பறை அடிக்கப் பழகியவள். சின்னத் தாத்தாவிடம் போய், “இவங்கள யாராவது கூப்பிட்டாங்களா தாத்தா? யாரும் கூப்பிடலையே. அவங்களாத்தானே வந்திருக்காங்க” என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அது சம்மதமா கோபமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பறை அடித்தார்கள். பேத்தி அடிக்கவில்லை. அவள் பாடைக்குப் பக்கத்தில் தாத்தாவின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வளையம் அவள் விரலுக்குப் பெரிதாக இருந்ததால் நூல் சுற்றியிருந்தாள். கஞ்சத்துக்காரர்கள் இருவரும் ஷிப்ட் விட்டு நேராகச் சுடுகாட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கட்டை இப்போது அவளிடம்தான் இருக்கிறது. மன்றத்தில் வைக்கக் கேட்டோம். தரமாட்டேன் என்றுவிட்டாள்.